வயதின் மேல் பழி போடாதீர்கள்

இன்று கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். படித்துவிட்டு நாளைக் காலை கடற்கரையில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் திருப்பிக்கொள்ளலாம். காந்தி சிலைப் பக்கம் பெஞ்சுகளுக்குப் பஞ்சமில்லை.

நம் வயதுக்காரர்கள் பலர் கைப்பேசியில் செஸ் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். பாரதி பூங்கா மர நிழலில் ஆடுகிறார்கள், வங்கியில் டோக்கன் எண் வரும்வரை ஆடுகிறார்கள், ராத்திரி தூக்கம் வராமல் கட்டிலில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஐந்து நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஆட்டம். நல்ல விஷயம். ஆனால் தோற்றதும் சொல்லும் சமாதானங்களைத்தான் கேட்கச் சகிக்கவில்லை.

எண்ணிப் பார்த்தால் மொத்தம் நான்குதான். "வயசாயிடுச்சி சார், பசங்க விரல் வேகத்துக்கு நம்மால ஆகுமா?" என்பது முதலாவது. "இன்னும் நூறு ஆட்டம் ஆடினா தானா வந்துடும்" என்பது இரண்டாவது. "எனக்கு ஓபனிங் தெரியல, அதைப் படிச்சுட்டா போதும்" என்பது மூன்றாவது. "இதெல்லாம் செஸ்ஸே இல்ல, சூதாட்டம்" என்பது நான்காவது. இந்த நான்காவது ஞானம் பெரும்பாலும் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற பிறகுதான் பிறக்கிறது.

பார்வைக்கு நான்கு. உள்ளே ஒன்றுதான். தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திறந்து பார்க்காமல் தப்பித்துக்கொள்ள நான்கு வாசல்கள்.

என் கட்சி இது. வேக ஆட்டத்தில் நம்மைத் தோற்கடிப்பது நமக்கே உரிய ஒன்றிரண்டு பழக்கங்கள். அவை ஆளுக்கு ஆள் வேறு. அவற்றைக் கணக்கெடுத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தால் எழுபதிலும் ஆட்டம் தேறும். கணக்கெடுக்க மறுத்தால் இருபதிலும் தேறாது.

திண்ணையில் கடிகாரமில்லாமல் செஸ் ஆடி, அதோடு நிறுத்திவிட்டவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வேக ஆட்டத்தை 'பிளிட்ஸ்' என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் மின்னல் என்று பொருள். 1924இல் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்ட உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிப்படி, ஓர் ஆட்டக்காரருக்கு மொத்தம் 10 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது பிளிட்ஸ். இணையத்தில் '5+0' என்று பார்த்தால், ஆளுக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் கிடையாது. '3+2' என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி கூடுதலாகக் கிடைக்கும். இப்படி நொடி கூட்டிக் கொடுக்கும் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் பாபி ஃபிஷர். 1992இல் ஸ்பாஸ்கியோடு அவர் ஆடிய மறுபோட்டியில் அந்தக் கடிகாரத்தைத்தான் வைத்து ஆடினார்கள். இந்த இரண்டு நொடி விஷயத்தை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் வயது. இதைத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வயது ஏற ஏற விரலும் கண்ணும் மெதுவாகின்றன. உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இணையத்தில் உங்களுக்கு எதிராளியைத் தேடித் தருவது இயந்திரம். உங்கள் புள்ளி 1100 என்றால், 1100க்கு அருகே உள்ள ஒருவரைத்தான் அது கொண்டுவந்து உட்கார வைக்கிறது. அந்தப் பையனுக்கு விரல் வேகம் இருந்தும் ஏன் அதே 1100இல் நிற்கிறான்? அவனிடமும் ஓட்டை இருக்கிறது. உங்களிடம் வேகம் குறைவு, அவனிடம் வேறு ஏதோ குறைவு. கூட்டிக் கழித்துச் சமமான இருவரைத்தான் இயந்திரம் மோதவிட்டிருக்கிறது. அப்படியிருக்க, தோற்ற ஆட்டத்துக்கு மட்டும் வயதைக் காரணம் காட்டுகிறீர்களே, வென்ற ஆட்டத்தில் உங்கள் வயது எங்கே போயிருந்தது?

இன்னொரு கேள்வி. ராணியைச் சும்மா பறிகொடுத்த அந்த நகர்த்தலின்போது உங்கள் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மீதி இருந்தது? இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்பவர் அபூர்வம். போய்ப் பாருங்கள். மூன்று நிமிடம் மீதி இருந்திருக்கும். மூன்று நிமிடத்தைப் பையில் வைத்துக்கொண்டு ராணியை வீதியில் விட்டதற்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

நம் விஸ்வநாதன் ஆனந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் பிரான்சின் கடலோர ஊரான காப் தாக்தில் உலக ராபிட் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 33. அதே பட்டத்தை 2017 டிசம்பரில் ரியாத்தில் மறுபடி வென்றார். அப்போது 48. அந்தப் போட்டியில் அவரிடம் தோற்றவர்களில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனும் ஒருவர். விக்டர் கோர்ச்னாய் 1931இல் பிறந்தவர். 2011 ஜனவரியில் ஜிப்ரால்டர் போட்டியில், 79 வயதில், கருப்புக் காய்களோடு ஆடி 18 வயது ஃபாபியானோ கருவானாவை வீழ்த்தினார். ஏழாண்டு கழித்து உலகப் பட்டத்துக்கே சவால் விட்டவர் அந்தக் கருவானா. கோர்ச்னாயின் ஆட்டம் நிதான ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். "அவங்கள்லாம் மேதைங்க, நாம அப்படியா?" என்பீர்கள். நாம் மேதையில்லை, அதனால்தான் நம் எதிராளியும் கருவானா இல்லை.

இதில் அறிவியலும் இருக்கிறது. டச்சு உளவியலாளர் அட்ரியான் தெ குரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்ட நடுவிலுள்ள ஒரு பலகையைச் சில நொடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார். பெரிய ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ அப்படியே அடுக்கினார்கள். 1973இல் அமெரிக்காவில் சேஸும் சைமனும் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினார்கள். அப்போது மேதைக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. ஆக, அவர்களிடம் இருப்பது மந்திர ஞாபக சக்தி கிடையாது. பார்த்துப் பழகிய அமைப்புகளை அடையாளம் காணும் கண். வேக ஆட்டம் பெரும்பகுதி இந்தக் கண்ணில்தான் ஓடுகிறது. கண் என்பது பழக்கம். நல்ல பழக்கத்தை வளர்க்கலாம், கெட்ட பழக்கத்தை மாற்றலாம்.

அடுத்தது, "நூறு ஆட்டம் ஆடினா தானா வரும்."

எங்கிருந்து வரும்? முப்பது வருடம் ஒரே படிவத்தை ஒரே தவறோடு நிரப்பி, ஒவ்வொரு முறையும் தணிக்கையில் ஆட்சேபணை வாங்கி, அதே தவறோடு ஓய்வுபெற்றவர்களை அரசு அலுவலகத்தில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் அனுபவத்துக்குக் குறைவா? ஆட்சேபணைக் குறிப்பைப் படிக்கும் வழக்கம்தான் இல்லை. நூறு ஆட்டம் ஆடினால், இருக்கிற பழக்கம் நூறு மடங்கு இறுகும்.

நீல் சார்னஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. செஸ் வலிமையோடு எது அதிகம் ஒட்டிப்போகிறது என்று பார்த்தார்கள். தனியே உட்கார்ந்து கருத்தாகப் படித்த நேரம்தான் முன்னால் நின்றது. போட்டிகளில் ஆடித் தீர்த்த நேரம் அதற்குப் பின்னால்தான்.

இதை ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே செய்து காட்டியவர் மிகயீல் போட்வின்னிக். மின்பொறியாளர், 1948இல் உலகச் சாம்பியனானவர். தன் ஆட்டங்களைத் தானே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அந்த ஆய்வை அச்சிட்டு வெளியிடச் சொல்வார். மற்றவர்கள் குறை கண்டுபிடிக்கட்டும் என்பதுதான் நோக்கம். புகையிலைப் புகை அவருக்கு ஆகாது. அக்காலத்தில் ஆட்ட அரங்கில் புகைப்பது சகஜம். அதனால் தன் பயிற்சித் தோழர் ரகோசினைப் புகைவிடச் சொல்லிப் பயிற்சி ஆட்டம் ஆடினார். எது தன்னைத் தடுக்கிறது என்று பார்த்தார், அதற்கு மட்டும் மருந்து தேடினார். உலகச் சாம்பியனுக்கே இந்தக் கணக்கெடுப்பு வேண்டியிருந்தது. நமக்கு மட்டும் தானாக வந்துவிடுமாம்!

மூன்றாவது, ஓபனிங்.

இந்த வாசலில்தான் காசும் போகிறது. "பத்தே நகர்த்தலில் எதிரியை வீழ்த்தும் ரகசியம்" என்று வீடியோக்கள். பார்த்து முடித்ததும் காசு கட்டிச் சேரச் சொல்லும் வகுப்புகள். ஓய்வூதியத்திலிருந்து பணம் கட்டி ஏதோ ஒரு தற்காப்பின் பதினெட்டாவது நகர்த்தல் வரை மனப்பாடம் செய்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய எதிராளிகள் நாலாவது நகர்த்தலிலேயே பாடப் புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். பாவம், அவர்கள் அந்த வகுப்புக்குக் காசு கட்டவில்லை.

பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், நாலே நகர்த்தலில் மேட் ஆக்கும் அந்தப் பழைய தந்திரத்துக்கு பிரெஞ்சில் 'கூ து பெர்ழே' என்று பெயர். இடையன் அடி என்று சொல்லலாம். அதிலிருந்து தப்பிக்கத் தெரிந்து, குதிரையையும் பிஷப்பையும் வெளியே கொண்டுவந்து, ராஜாவைக் கோட்டைக்குள் சேர்த்துவிட்டால் நம் மட்டத்துக்கு ஓபனிங் போதும். நாம் தோற்பது அதற்குப் பிறகு, பதினைந்தாவது நகர்த்தலிலும் முப்பதாவது நகர்த்தலிலும். அங்கே நடந்த குற்றத்துக்கு முதல் பத்து நகர்த்தலில் போலீஸைத் தேடவிட்டு என்ன பயன்?

நான்காவது, "இது செஸ்ஸே இல்லை."

நிதான ஆட்டமும் வேக ஆட்டமும் ஒன்றல்ல என்பது சரி. 2024இல் 18 வயதில் உலகச் சாம்பியனான நம் குகேஷுக்கே வேக ஆட்டப் புள்ளி நிதான ஆட்டப் புள்ளியைவிடக் குறைவுதான். ஆனால் ஒன்றல்ல என்பதற்காகச் சூதாட்டம் ஆகிவிடாது. சிறுவன் ஆனந்த் சென்னையில் சோவியத் கலாசார மையத்திலிருந்த தால் செஸ் கிளப்பில் ஓயாமல் வேக ஆட்டம் ஆடி வளர்ந்தவர்தான். வேக ஆட்டத்தில் நம்மை நாமே அலங்கரித்துக்கொள்ள நேரம் கிடையாது. யோசித்துத் திருத்தி, நல்ல பிள்ளையாக நடிக்க முடியாது. உள்ளே என்ன பழக்கம் ஊறியிருக்கிறதோ அது அப்படியே வெளியே வரும். கண்ணாடியில் தெரியும் முகம் பிடிக்கவில்லை என்று கண்ணாடியைத் திட்டுவதுதான் இந்த நான்காவது சமாதானம்.

சரி, குறை சொல்லியாயிற்று. என்ன செய்வது?

அலுவலகத்தில் நம்மில் பலர் 'தன்பதிவேடு' வைத்திருந்தோம். எழுத்தர் ஒவ்வொருவரும் தனக்கு வந்த கோப்பு எது, எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதிவைக்கும் பேரேடு. தோல்விக்கும் அப்படி ஒன்று போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தோற்ற ஆட்டத்துக்கு மட்டும் ஒரு வரி. எத்தனையாவது நகர்த்தலில் கைவிட்டுப் போயிற்று, அப்போது கடிகாரத்தில் எவ்வளவு மீதி, என்ன நடந்தது. அவ்வளவுதான். நாவல் எழுத வேண்டாம்.

இதற்கு லிசெஸ் என்ற இணையதளம் வசதி. 2010இல் திபோ துப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. (நம் கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கும் துப்ளேக்ஸ் துரைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) கட்டணம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கணினி ஆய்வு கேட்டால், எங்கெங்கே சறுக்கினோம் என்று காட்டும். அந்தந்த இடத்தில் நம்மைத் திரும்ப நிறுத்தி, "இப்போது சரியானதை ஆடு" என்று கேட்கும் வசதியும் உண்டு. ஆனால் கணினிக்கு முன்னால் உங்கள் வரியை நீங்கள் எழுதிவிடுங்கள். எங்கே சறுக்கினீர்கள் என்று கணினி சொல்லும். ஏன் என்று அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

இருபது தோல்வி சேர்ந்ததும் வகை பிரியுங்கள். ஐந்து தலைப்பு போதும். காவலில்லாமல் காயைத் தொங்கவிட்டது, எதிராளியின் மிரட்டலைப் பார்க்காதது, நேரம் தீர்ந்தது, ஜெயித்த ஆட்டத்தை முடிக்கத் தெரியாதது, கோபத்தில் ஆடியது. ஏதாவது ஒரு தலைப்பு மட்டும் வீங்கி நிற்கும். அதுதான் உங்கள் நோய்.

இப்படிச் சிலருடைய நோட்டுகளை நான் கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், ஒருவர் நோட்டு மற்றவர் நோட்டு மாதிரி இல்லவே இல்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். வயதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னவர். அவருடைய தோல்விகளில் பாதிக்கு மேல் நேரம் தீர்ந்து வந்தவை. எட்டாவது நகர்த்தலுக்குள்ளேயே ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் செலவாகியிருந்தது. ஏன்? ஒவ்வொரு நகர்த்தலையும் தேற்றம் நிரூபிப்பது போல நிரூபித்துவிட்டுத்தான் ஆடுவார். முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் சோறு போட்ட குணம் அது. அஞ்சல் துறையில் இருந்த இன்னொருவருக்கு நேர் எதிர். ராணி போன ஆட்டங்களிலெல்லாம் நாலு நிமிடம் மீதி. முத்திரை குத்துகிற வேகத்தில் நகர்த்துகிறார். செவிலியராக இருந்த அம்மா ஒருவர், ஒரு யானை அதிகமாக வைத்திருந்தும் காயை வெட்டிக்கொள்ள மனசு வராமல் எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்து, கடைசியில் ஆட்டத்தை இழக்கிறார். யாரையும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியே பழகிய கை.

பாருங்கள், பலவீனம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் நல்ல குணத்தின் நிழல். அதனால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே வகுப்பு, ஒரே வீடியோ என்று விற்பது ஏமாற்று என்கிறேன். வாத்தியாரிடம் "நிதானமாக ஆடுங்கள்" என்பதும், அஞ்சல்காரரிடம் "வேகமாக ஆடுங்கள்" என்பதும், சர்க்கரை நோயாளிக்கு லட்டு கொடுப்பது போல.

நோய் தெரிந்தால் மருந்து எளிது.

காய் தொங்கவிடுகிறவரும் மிரட்டலைப் பார்க்காதவரும் ஒரே ஒரு கேள்வி பழகட்டும். எதிராளி நகர்த்தியதும், "இவர் இப்போது என்னிடம் என்ன கேட்கிறார்?" என்று மனதுக்குள் கேட்டுவிட்டு அப்புறம் கையை எடுங்கள். முதலில் பத்து நொடி ஆகும். பழகப் பழக ஒரு நொடியில் முடியும். பிஷப்பைத் தனியாகக் கவனியுங்கள். பிரெஞ்சில் அந்தக் காய்க்கு 'ஃபூ' என்று பெயர், கோமாளி, பைத்தியக்காரன் என்று பொருள். மூலையில் சும்மா நிற்பவன் மாதிரி நின்று, பலகையின் மறுகோடியிலிருந்து வந்து வெட்டுவான். தினம் பத்துப் புதிர் போடுங்கள். வேகமாகப் போட வேண்டாம், சரியாகப் போடுங்கள். கண் அங்கேதான் பழகும்.

நேரம் தீர்கிறவர்கள் '5+0'வை விட்டுவிட்டு '3+2' அல்லது '5+3' ஆடுங்கள். முதல் பத்து நகர்த்தலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். போட்வின்னிக் சொன்ன வைத்தியமும் இதுதான்: நேர நெருக்கடிப் பழக்கம் உள்ளவர்கள் பயிற்சி ஆட்டங்களில் வெற்றி தோல்வியைப் பொருட்படுத்தாமல் கடிகாரத்தை மட்டும் கவனித்து ஆட வேண்டும். விரல் நடுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காயை இழுத்துக்கொண்டு போகாமல், காயை ஒரு தட்டு, கட்டத்தை ஒரு தட்டு என்று ஆடும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். பாதி 'விரல் வேக' வழக்கு அங்கேயே தள்ளுபடி.

முடிக்கத் தெரியாதவர்களுக்கு மூன்று பாடம்: ராஜாவும் ராணியும் கொண்டு மேட், ராஜாவும் யானையும் கொண்டு மேட், ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். கணினியை எதிரே உட்கார வைத்து, பேசிக்கொண்டே செய்யும் அளவுக்குப் பழகுங்கள். ராணியை வைத்துக்கொண்டு எதிராளியின் ராஜாவுக்குச் செக்கும் இல்லாமல் நகர இடமும் இல்லாமல் செய்துவிட்டால் ஆட்டம் டிரா. ஜெயித்த ஆட்டத்தில் பாதிப் புள்ளி போயிற்று. நிதானமாக உட்கார்ந்து பழகாததைப் பத்து நொடி மீதியிருக்கும்போது புதிதாகக் கண்டுபிடிக்க முடியாது.

கோபக்காரர்களுக்கு ஒரே விதி. தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். எழுந்து தண்ணீர் குடியுங்கள். புள்ளி போய்விட்டதே என்று அடுத்த ஆட்டத்தில் பாய்வதுதான் மிச்சப் புள்ளியையும் கொண்டுபோகிறது. செஸ் புள்ளி முறையை உருவாக்கியவர் அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர். தண்ணீரில் மிதந்து ஆடும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது இது என்று அவரே ஒப்பிட்டிருக்கிறார். உண்டாக்கியவரே அப்படிச் சொல்லும்போது, இருபது புள்ளிக்காக நாம் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டுமா?

ஒரு சமயத்தில் ஒரு நோய்க்கு மட்டும் மருந்து சாப்பிடுங்கள். மாதம் ஒன்று. ஐந்தையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படுகிறவர் ஒரு வாரத்தில் நோட்டைத் தொலைத்துவிடுவார். கணக்கு வாத்தியார் இரண்டு மாதம் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். இப்போது நேரம் தீர்ந்து அவர் தோற்பது அபூர்வம். அதற்குப் பதில் 'முடிக்கத் தெரியாதது' என்ற தலைப்பு வீங்கத் தொடங்கியிருக்கிறது. முன்னேற்றம் என்பது அதுதான். பழைய தோல்வி போய்ப் புதிய தோல்வி வர வேண்டும். பழைய தோல்வியே திரும்பத் திரும்ப வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

"ஓய்வு காலத்தில் பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு பிரசங்கமா முசியே?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. புள்ளி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? எனக்கும் அதில் அக்கறை கிடையாது. "வயசாயிடுச்சி" என்ற அந்த ஒற்றைச் சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அது செஸ் பலகையோடு நிற்பதில்லை. முதலில் செஸ்ஸில் வரும். அப்புறம் ஏடிஎம் வாசலில் வரும், "நீயே எடுத்துக் கொடுப்பா" என்று அட்டையை அடுத்தவர் கையில் கொடுப்போம். அப்புறம் வருடாவருடம் கொடுக்கும் உயிர்ச் சான்றைக் கைப்பேசியில் பதிய வேண்டும் என்றால், பேரனைக் கூப்பிடுவோம். ஒவ்வொரு இடத்திலும், என்ன தடுக்கிறது என்று பார்க்காமலே கதவைச் சாத்திக்கொள்வோம். எழுத்து சிறியதாக இருந்ததா? பொத்தான் எங்கே என்று தெரியவில்லையா? அவசரத்தில் மாற்றி அழுத்தினோமா? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது. வயதுக்கு மட்டும் மருந்து கிடையாது. மருந்தில்லாத காரணத்தை நாம் விரும்பித் தேர்ந்தெடுப்பது, மருந்து சாப்பிடும் சிரமத்திலிருந்து தப்பிக்கத்தான்.

உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசாங்கத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை சான்று கொடுக்கிறோம். நமக்கு நாமே அதைத் தினம் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இணையப் பலகையில் எதிரே இருக்கும் ஆளுக்கு உங்கள் நரை தெரியாது, மூட்டு வலி தெரியாது, முன்னாள் பதவி தெரியாது. நகர்த்தல் மட்டும்தான் தெரியும். நம்மை வயதை வைத்து மதிக்காத, வயதை வைத்துக் கழிக்காத இடம் இப்போது வேறெங்கே மிச்சம் இருக்கிறது? அங்கேயும் போய் நாமே வயதைச் சொல்லிக்கொண்டு நிற்கலாமா?

பேரேடு எழுதுவதில் நம் தலைமுறையை யாரும் மிஞ்ச முடியாது. பையன்களுக்கு விரல் வேகம் இருக்கலாம். தோற்ற ஆட்டத்தை உட்கார்ந்து எழுதும் பொறுமையும் நேரமும் நம்மிடம்தான் இருக்கிறது.

அடுத்த முறை பார்க்கும்போது உங்கள் புள்ளி எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை. நோட்டைக் கொண்டுவாருங்கள்.